குவாரியை மூட வைத்திருந்த மண்

இன்று காலை நம் குவாரியில் ஒரு மினி லாரி நிறைய வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் வந்து இறங்கின. கல் தீர்ந்த இடத்தில் மரம் வைத்துக் காட்டினால்தான் குவாரியை அரசாங்கத்திடம் ஒப்படைக்க முடியும். கன்றுகள் இருக்கின்றன, நட மண் இல்லை. அவற்றை ஆபீஸ் நிழலில் அடுக்கிவிட்டு, உன்மேல் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் நீ. லாரிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். முதல் வெடி வைக்கும் முன்பே மேல்மண்ணை வழித்துத் தனியாகக் குவிக்கச் சொன்னாய். முதலாளி இந்த மாத லோடைக் கேட்டால், நீ கடைசி வருஷத்தைப் பற்றிப் பேசுவாய். எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது, கழிவுக்கல்லை எங்கே கொட்டுவது, முடிந்ததும் எதைப் பரப்புவது என்று எல்லாம் உனக்கு முடிவாகியிருந்தது. "தொறக்கும்போதே மூடுறதையும் யோசிக்கணும் மாப்ளே" என்பாய். போடியில் வீட்டுமனைக்கு மண் கேட்டு வந்த உன் மச்சானையே வெறுங்கையோடு அனுப்பியவன் நீ. புதையல் காக்கும் பூதம் என்று உன்னைக் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வாய்.

அப்புறம்தான் அந்த மழை. குரங்கணிச் சரிவில் சில குடும்பங்களின் காப்பித் தோட்டம் மண்ணோடு வழிந்துபோய் வெறும் பாறை நின்றது. ஓர் அக்கா எல்லாருக்குமாக வந்து உன்னிடம் மண் கேட்டார். அன்று நீ சாப்பிடவில்லை. மறுநாள், "வண்டிய எடு, நாம வேற மண்ணு சேத்துக்கலாம்" என்றாய். குவியல் முழுவதும் மலையேறியது. சேர்க்க நாள் கிடக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த கோடையில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். உனக்குப்பின் வந்த மேனேஜர் லோடை மட்டும்தான் பார்த்தார், மண் சேர்க்கவில்லை.

மத்தியானம் ஜீப்பு பிடித்துக் குரங்கணிக்குப் போனேன். கொடுத்ததில் கொஞ்சமாவது திருப்பிக் கேட்கத்தான். கல் அணை கட்டி மண்ணை நிறுத்தியிருந்தார்கள். காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. நீ இதைப் பார்க்காமலே போனாயே என்று எனக்குத் தாங்கவில்லை.

அக்கா என்னை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார்.

"பூத்ததும் வந்து பாக்குறேன்னு சொன்னாகளே மேனேஜரு, ஆளையே காணோம். நல்லா இருக்காகளா?"

"நல்லா இருக்காகக்கா, சோலி அதிகம்" என்றேன்.

மண்ணைப் பற்றி வாய் திறக்காமல் இறங்கி வந்துவிட்டேன். கன்றுகளுக்கு இன்னும் வழி தெரியவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இனி உன்னை உயிரோடு வைத்திருக்க வேண்டியதும் என் பொறுப்பாகிவிட்டது.