வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

என் ரோசம்மா அக்காவுக்கு,

நீங்க போய் ஏழு மாசம் ஆகுது. உங்க பீரியடை என் தலையில கட்டிட்டாங்க. ‘ஆரோக்கியமும் மனநலமும்’னு எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசியில எடுப்பீங்களே, அதேதான். “பகவதி டீச்சரே, அவங்களோட நெருக்கமா இருந்தது நீங்கதான்”னு எச்.எம். ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். நான் கணக்கு டீச்சர். எனக்கு மனநலம் பத்தி என்ன தெரியும்? அதை யார் கேக்கறா!

ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கு அக்கா. துணி போட்டு மூடி வச்சிருக்காங்க, கும்பிடாத குறை. நீங்க இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பீங்க. பாருங்க, என்ன வார்த்தை வருது வாயில.

உங்க சட்டத்தை நான் மாத்தல. இந்த மலையாள ஊர்ல எதிர்ப்படுறவங்க எல்லாம் “சுகம்தன்னே?”ன்னு கேப்பாங்க, நாமும் “சுகம்”னு சொல்லிட்டு நடந்துட்டே இருப்போம். உங்க வகுப்புல மட்டும் அந்தப் பதில் செல்லாது. வலின்னா வலி, பயம்னா பயம், ஒண்ணும் தெரியலைன்னா தெரியலை. எப்படித்தான் அதுங்க வாயைத் திறக்க வச்சீங்களோ! கட்டட வேலையில அப்பாவுக்குக் கால் ஒடிஞ்சதை செல்வி சொன்னது அங்கதானே? “விழுந்ததைச் சொன்னாத்தான் மக்கா, யாராவது தூக்கிவிட வருவாங்க”ன்னு அன்னைக்கு நீங்க சொன்னது வராண்டாவுல நின்ன எனக்கும் கேட்டுது.

அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க? ஸ்டாஃப் ரூம்ல நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்தீங்க. நெத்தியெல்லாம் வேர்வை. “ஒண்ணுமில்ல மக்கா, கேஸ்தான். யார்கிட்டயும் சொல்லாதே”ன்னு என் கையை இறுக்கிப் பிடிச்சீங்க. நான் குடிக்க சீரக வெள்ளம் கொண்டுவந்து தந்தேன். மூணாம் நாள் உங்க வீட்டு அடுக்களையில விழுந்து கிடந்தீங்கன்னு போன் வந்துது.

என்மேல கோபமா அக்கா? எனக்கு உங்கமேல கோபம்தான். நல்லாவே இருக்கு.

அந்த வகுப்புக்குப் படியேறினாலே எனக்கு மூச்சு முட்டுது. காலையில கிழக்கேகோட்டையில பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்கூலுக்கு நடக்க மனசில்லாம அங்கேயே நிக்கிறேன். மாறுதல் கேக்கலாம்னா தமிழ் மீடியத்துக்கு இங்க எத்தனை போஸ்ட் இருக்கு? தூக்கி மூணாறு மலையில போடுவாங்க. இவருக்கு ஆரியசாலையில மிளகுக் கடையில வேலை, மாமியார் படுத்த படுக்கை. நான் எங்க போக? வீட்ல சொன்னா “வேலையை விட்டுரு”ம்பார். அதனால எங்கேயும் சொல்லல. வகுப்புல ஒவ்வொருத்தரா சொல்லி முடிச்சு, “டீச்சருக்கு?”ன்னு பிள்ளைங்க கேட்டா, எனக்கென்ன குறைன்னு சிரிச்சிடுவேன்.

போன மாசம் நான் படிக் கைப்பிடியைப் பிடிச்சிட்டு மூச்சு வாங்கினதை செல்வி பார்த்துட்டா. மறுநாள் காலையில நேரா எச்.எம். ரூமுக்குப் போய், “டீச்சருக்கு வய்யா சார், மூச்சு முட்டுது, யாராவது கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க”ன்னு சொல்லியிருக்கா. கிளார்க் முன்னால அவர் என்னை விசாரிச்சார். எனக்கு மானமே போச்சு. இல்லவே இல்லைன்னு சாதிச்சிட்டு, வகுப்புக்குப் போய் அவளை எழுப்பி நிறுத்தினேன். “பெரியவங்க காரியத்துல உனக்கென்னடி வேலை, கோள்மூட்டி?”ன்னேன்.

அவ அழல. “நீங்க சொல்லமாட்டீங்க டீச்சர். அதான் நான் சொன்னேன்”னா. வாயை மூடுடின்னு கத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை முதல் பெஞ்சுல ஆரம்பிச்சுது. “சுகம் டீச்சர்.” அடுத்தவன், “சுகம்.” கடைசி பெஞ்சு வரைக்கும் அதே. செல்வியும் அதையேதான் சொன்னா, முகத்தைப் பார்க்காம. நாலு வாரமா இதுதான் நடக்குது. நீங்க மூணு வருஷம் பாடுபட்டதை நான் ஒரே காலையில நாசமாக்கிட்டேன்.

நேத்து துணி துவைச்சிட்டு இருக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. அந்தப் பொண்ணு செஞ்சதை நான் அன்னைக்குச் செஞ்சிருக்கணும். உங்க கையை உதறிட்டு எச்.எம். ரூமுக்கு ஓடியிருக்கணும். நீங்க என்னைக் கோள்மூட்டின்னு திட்டியிருப்பீங்க, மூணு மாசம் பேசாம இருந்திருப்பீங்க. பேசாம இருக்கவாவது உயிரோட இருந்திருப்பீங்களே அக்கா! சோப்புக் கையோட அப்படியே உக்காந்து அழுதேன்.

இன்னைக்குக் காலையில இவர் கடைக்குக் கிளம்பும்போது எல்லாத்தையும் சொன்னேன். நினைச்ச மாதிரியே “வேலையை விட்டுரு”ன்னார். “விடமாட்டேன். டாக்டர்கிட்ட கூட வர்றீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க”ன்னேன். மாமியார் கட்டில்லேருந்து எட்டிப் பார்க்குற அளவுக்கு சத்தம் வந்துடுச்சு. சட்டைப் பொத்தானைப் பாதியில விட்டுட்டு என்னையே பார்த்தார். அப்புறம், நாளைக்கு லீவு சொல்லிட்டு வர்றேன்னார்.

இதனால எல்லாம் சரியாயிடும்னு நான் நம்பல. அந்தப் படியை வர்ற வெள்ளிக்கிழமையும் நான்தான் ஏறணும், மூச்சு முட்டத்தான் செய்யும். ஆனா ஒரு வாக்குத் தர்றேன். நாற்பது பேர் முன்னால திட்டின செல்விகிட்ட, அதே நாற்பது பேர் முன்னால மன்னிப்புக் கேப்பேன். உங்களை எப்படிப் பறிகொடுத்தோம்னும் சொல்லுவேன். கர்த்தர் கூப்பிட்டுட்டார்னுதான் அதுங்க நம்பிட்டிருக்கு. அவர் கூப்பிட மூணு நாள் இருந்துது, உங்க நெஞ்சுவலி தெரிஞ்சும் நான் யார்கிட்டயும் சொல்லலைன்னு சொல்லுவேன்.

உங்க சொல்லைத் தட்டாம இருந்து உங்களைச் சாகவிட்ட தங்கை,
பகவதி