வகுப்பு என் பக்கம் திரும்பியபோது

செவ்வாய், இரவு.

சட்டம், மருத்துவம், இலக்கியம் எல்லாம் கலந்தது என்றுதான் மாற்றுத்திறனாளிகள் பற்றிய துணைப்பாடத்தில் ஆசையாகச் சேர்ந்தேன். இன்று சட்டப் பகுதி. முன்பே படித்து, கேட்பதற்கு ஒரு சந்தேகமும் வைத்திருந்தேன். மேடம் என் ஊன்றுகோலைப் பார்த்தார். "நீயே சொல்லேன்மா, படி ஏற எவ்ளோ கஷ்டம்னு" என்றார். வகுப்பே என் பக்கம் திரும்பியது.

"நானும் படிக்கத்தான் வந்திருக்கேன், மேடம்." அவர் முகம் வாடி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். என் சந்தேகத்தை நான் கேட்கவே இல்லை.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்த வகுப்புத் தோழி ரேவதி, "இன்னாத்துக்குடி கோச்சிக்கின? பாவம், நல்ல மனசோடதானே கேட்டாங்க" என்றாள். அது எனக்கும் தெரியும். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

சொன்னதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மேடம் இனி என்னிடம் எதையுமே கேட்காமல் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.