வெள்ளையா, பச்சையா

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுக்காரர் வந்தார். ஷெட்டில் பாதியை இடித்து அறை கட்டப் போகிறாராம். இனி ஒரு காருக்குத்தான் இடம். என் பச்சையா, அண்ணனின் வெள்ளையா? இரண்டுக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது, எங்களைப் போலவே.

அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டையும் ஒரு மாசம் ஓட்டிப் பாரு. எது நல்லா ஓடுதோ அது இருக்கட்டும்."

"நீங்களும் ஓட்டுங்க" என்றேன். கண் சரியில்லை என்று சொல்லிவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பொடி எழுத்தெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது அந்தக் கண்ணுக்கு.

மார்ச் 9

வெள்ளை, சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. பச்சைக்கு நாலு தடவை. சோக்கை இழுத்து, கெஞ்சி, திட்டி.

மார்ச் 15

ஆஸ்பத்திரி மேடு. வெள்ளை மூன்றாவது கியரிலேயே ஏறிவிட்டது. பச்சை இரண்டாவதிலும் திணறி, பாதி மேட்டில் கொதித்தே விட்டது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். மானம் போச்சு.

மார்ச் 21

பச்சைக்கு அடியில் வைத்த தட்டில் எண்ணெய். போன வருஷம்தானே ஆயில் சீல் மாற்றினேன்? வெள்ளைக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை.

மார்ச் 28

"வெள்ளைக்கு இனிமே பார்ட்ஸ் கிடைக்காதுல்ல?" என்று மெக்கானிக்கிடம் ஆசையாகக் கேட்டேன்.

"அதுல எதுவும் போகவே போகாதுக்கா. அண்ணன் அப்படி வச்சிருக்காரு."

இவரிடம் போய்க் கேட்டேனே.

ஏப்ரல் 2

பொய் எழுத மனம் வரவில்லை. வெள்ளைதான். அண்ணனிடம் சொல்லிவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் ஓட்டப் பழகியதே பச்சையில்தான்.

ஏப்ரல் 5

பச்சையை விற்பதற்கு முன்னால் சரிபார்க்க மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். இடம் வேண்டும், வெள்ளையைக் கொஞ்சம் முன்னால் எடுங்கள் என்றார். என் கையெல்லாம் கிரீஸ். அண்ணன் ஏறினார். கிளட்ச் பாதிகூட இறங்கவில்லை. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து அழுத்தினார். இடது கால் வெடவெடவென்று நடுங்கியது.

அஞ்சு மாசம் முன்னால படியில விழுந்தாரே — கண்ணு இல்ல, காலு. எனக்கு ஏன் தோணல? ஸ்டார்ட் எழுதினேன், மேடு எழுதினேன், எண்ணெய் எழுதினேன். கிளட்ச் பத்தி ஒரு வரி உண்டா? என் கால் நல்லா இருக்கு, எனக்கெங்க தெரியும்?

"ஏன் சொல்லல?"

"சொன்னா சாவியப் பிடுங்கிடுவே."

பச்சையில் உட்கார வைத்தேன். ஒரே மிதி. அடிவரை போனது.

ஏப்ரல் 7

"வெள்ளையக் குடுத்துடலாம்" என்றார்.

"அதுதானே நல்லா ஓடுது?"

"எனக்கு ஓடலியே."

ஜெயித்துவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 13

வாங்கியவர் வந்து வெள்ளையை ஓட்டிப் போனார். அண்ணன் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 16

லேசான கிளட்ச் என்றால் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பச்சையை அண்ணன் ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில். மூன்று தடவை நின்றது. கியரைப் போட்டு அரைத்தார். "இதெல்லாம் ஒரு வண்டியா, இப்படியா வச்சிருப்பே" என்று வழி முழுக்கத் திட்டு. என் வாய்க்கு நான் பேசாமல் வந்தது உலக அதிசயம்.

வீடு வந்தது. அவர் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று போனோம்.