வெனிங் தலையாட்டுவதை நிறுத்திவிட்டாள்

அன்பு மகள் ரெத்னோவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் மாலாங்கில் நானும் உன் தங்கை வெனிங்கும் சுகம், தைவானில் குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். அவளைக் காது கேளாதோர் பயிற்சி நிலையத்தில் சேர்க்கச் சொன்னவள் நீ, அதனால் உன்னிடமே கேட்கிறேன், அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? சோயா தெம்பே வறுவல் பொட்டலம் போடும் கம்பெனியில் திங்கட்கிழமை முதல் வேலையாம், நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். காது கேட்கிறவர்கள் அத்தனை பேர் வேலைக்கு அலையும்போது இவளை ஏன் கூப்பிடுகிறான்? ஏமாற்றினாலும் வாய் திறக்கமாட்டாள் என்றுதானே? இதில் பெண்ணின் குணமும் மாறிவிட்டது. எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டும் பிள்ளை இப்போது கையை உயர்த்தி நிறுத்துகிறாள், நோட்டை நீட்டி எழுதிக் காட்டு என்கிறாள். உன் மாமா வேறு, "என்னக்கா, உம் பொண்ணு போலீஸ் மாதிரி விசாரிக்கிறா" என்று சிரிக்கிறான்.

பொறுக்க முடியாமல் நேரே போய் டீச்சர் ஹெஸ்தியிடம் சண்டை போட்டேன். அவளுக்கும் காது கேட்காது, அவள் கைஜாடையைப் பக்கத்தில் நின்ற பெண் எனக்குச் சொன்னாள். "எடை போடுறது, ஒட்டுறது எல்லாம் ஒரே வாரத்துல கத்துக்கிட்டாம்மா. மூணு மாசம் பாடுபட்டது அந்தத் தலையாட்டலை நிறுத்தத்தான். திரும்பக் கேட்டா வீட்டுல சலிச்சுக்குவாங்கன்னு, புரியாமலே ஆட்டிப் பழகிட்டா. மெஷின்கிட்ட அப்படி ஆட்டினா கை போயிடும்" என்றாள். அடேயப்பா, என்ன வாய்! என் வீட்டில் யார் சலித்துக்கொண்டது? சம்மதத்தாளை அலமாரியில் ஒளித்துவைத்தேன்.

நேற்றுக் காலை வெனிங் என்னை உட்காரவைத்து நோட்டைப் பிரித்தாள். "அம்மா, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் நீ வீட்டுக்கு வந்து என்னிடம் என்ன சொன்னாய்? அப்பா திரும்பி வருகிறார் என்று நினைத்துப் படுக்கை விரித்துவைத்தேனே" என்று எழுதியிருந்தாள். ரெத்னோ, அப்பா பிழைக்கமாட்டார், கடைசியாக முகத்தைப் பார்க்க வா என்றுதான் அன்று அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள், வரவில்லை. நாலு வருஷமாக அவளைக் கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன். பாவி நான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கம்பெனிக்காரன்மேல் சந்தேகம் தீரவில்லை, முதல் வாரம் வாசலில் போய் நிற்கத்தான் போகிறேன். அல்லாஹ் உன்னை நோய்நொடியின்றி வைக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. வீடியோவில் தங்கையிடம் பேசும்போது அவள் தலையாட்டினால் நம்பாதே, என்ன புரிந்தது என்று எழுதச் சொல்.

உன் அம்மா,
சுமியாதி