திரைக்குள் மாட்டிய காற்று

நிலவுத் தளம், கட்டுப்பாட்டு அறை
பதிவு: பெனாசீர், மென்பொருள் பொறியாளர்

09.10
எல்லாம் சீர். தளத்தில் நாங்கள் இருவர்தான். கோதண்டம் சார் பயிர்க்கூடத்துக்குப் போயிருக்கிறார். இன்று ஃபிரேம்வொர்க்கைப் புதுப்பிக்கிறேன். கட்டுப்பாட்டுத் திரைகள் எல்லாம் அதன்மேல்தான் ஓடுகின்றன.

10.25
புதுப்பித்ததும் திரைகள் உறைந்துவிட்டன. கதவுகளும் திறக்கவில்லை. டேட்டாபேஸுக்கு ஒன்றுமில்லை, ஒவ்வொரு அறையின் காற்றளவும் அதில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்த அளவைப் பார்த்து காற்று வால்வைத் திறக்கும் விதி அங்கே இல்லை. திரையை வரையும் நிரலுக்குள் அதைக் கலந்து எழுதியிருக்கிறார்கள். திரை செத்ததும் விதியும் செத்துவிட்டது.

10.50
பயிர்க்கூடத்தில் கசிவு. அழுத்தம் இறங்குகிறது. வானொலியில் சார்:
"காது அடைக்குதும்மா. கதவு அசையல. பதறாம பாரு."
பொத்தான் நிறம், தலைப்பு எழுத்து, இதற்கெல்லாம் நடுவே கிடக்கும் காற்று விதிகளை உருவி டேட்டாபேஸுக்குள் எழுதுகிறேன். அளவு குறைந்தால் இனி அதுவே வால்வுக்குச் சொல்லட்டும்.

11.20
பயிர்க்கூட விதி தயார். ஆனால் உறைந்த ஃபிரேம்வொர்க் வால்வுகளை விடமாட்டேன் என்கிறது. நிறுத்தியாக வேண்டும். அது நின்றால், தீப்பிடித்ததாக எண்ணி இந்த அறையின் காற்று வெளியேற்றப்படும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். என் அறையின் விதியை இன்னும் பிரிக்கவில்லை. சாரிடம் சொன்னேன்.
"வேணாம்மா. முதல்ல உன் அறைய முடி."
அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.
நிறுத்துகிறேன்.

11.24
பயிர்க்கூடத்தில் காற்று ஏறுகிறது. இங்கே குறைகிறது. விரல் சரியான எழுத்தில் விழவில்லை. இனி திரை தேவையில்லை, எந்தக் கணினியிலிருந்தும் டேட்டாபேஸில் நேராக எழுதலாம். என் அறையின் விதியைச் சாரை அங்கிருந்தே அடிக்கச் சொல்லி ஒவ்வொரு வரியாக வானொலியில்... மூன்று முடிந்தது. நாலாவது. திரும்பச் சொல்லச் சொல்கிறார். எனக்குச் சொல்

11.52
இதை எழுதுவது கோதண்டம். எனக்குச் செடிகொடி தெரியும், நிரல் தெரியாது. நாலாவது வரியின் பாதியில் பெனாசீர் குரல் நின்றுவிட்டது. பயிர்க்கூடத்துக்காக அவள் எழுதியிருந்த அதே வரியைப் பார்த்து, அறைப் பெயரை மட்டும் மாற்றி அடித்தேன். இந்த அறையின் வால்வு திறந்தது. அழுத்தம் ஏறியதும் கதவுகள் விட்டுக்கொடுத்தன. ஓடி வந்தேன்.
அவளுக்கு மூச்சு இருக்கிறது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.
யார் இங்கே வந்தாலும், பழைய ஃபிரேம்வொர்க்கை இயக்க வேண்டாம். காற்று விதிகள் இப்போது டேட்டாபேஸில் இருக்கின்றன. திரைகள் இருட்டாகவே கிடக்கட்டும். அவள் நாடியை நான் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.