முத்துவாய்ச் சுங்கச்சுவரில் கரி தீட்டியோர் பற்றி விடுத்த ஓலை

மழை தவறாது பொழிக. மாடுகள் நோயின்றி வாழ்க. சக்கரங்கள் சேற்றில் சிக்காதிருக்க.

வட்டமாய் வளைந்த வளைநகரில் அரியணை அமர்ந்து பொழில்நாடு முழுதாளும் கோப்பெருந்தேவி ஆதிரையாரின் ஆணையைத் தலையிலும், அவர்தம் கேலியைத் தோளிலும் சுமக்கும் தலைமை அமைச்சன் வெண்கோ, அலைக்கு அஞ்சாதவரும் கரிக்கட்டைக்கு மட்டும் அஞ்சுபவருமான முத்துவாய்ப் பட்டினத்துக் காவலர் நெடுவேங்கையார்க்கு எழுதி விடுக்கும் ஓலை. உமக்கும் உம் பட்டினத்துக்கும் உம் உப்பளங்களுக்கும் நலம் பெருகுக.

உம் ஓலை கிடைத்தது. அரசின் தோணிகளைப் பழித்து உம்மூரார் சுங்கமாளிகைச் சுவரில் கரியால் கிறுக்குகின்றனர் என்றும், அதனால் நாட்டின் மானம் கப்பலேறுகிறது என்றும், கிறுக்கியோர்க்குக் கசையடி தர இசைவு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். தேவியார் அதை அவையில் படிக்கச் சொன்னார். கசையடிப் பகுதியை ஒருமுறையும், கிறுக்கல்கள் பகுதியைத் திரும்பத் திரும்பவும் படிக்கச் சொன்னார். பின்னர் கண்ணீர் வரச் சிரித்து, நெடுவேங்கைக்குச் சேந்தன் கதையை எழுதும் என்று எமக்குப் பணித்தார்.

சேந்தன் எம் ஊர்வண்டித் துறையின் தலைவர். மாட்டு வண்டிகள் நிறுத்தந்தோறும் மக்களை ஏற்றியிறக்கி நகரைச் சுற்றி வருவதை நீர் அறிவீர். நாற்சந்தியில் துறைக்கென்று நீண்ட சுண்ணாம்புச் சுவர் ஒன்று உண்டு. எந்த வண்டி எவ்வழி, எந்த மாட்டுக்குச் சுளுக்கு என்பதைத் துறைத்தலைவர் காலைதோறும் தம் கையாலேயே செங்காவியில் அதில் எழுதவேண்டும். அதன் கீழே ஒரு கூடைக் கரி வைக்கப்பட்டிருக்கும். மக்கள் தம் மறுமொழியை எழுதலாம். எழுதப்பட்ட எதையும் முழுநிலவு நாளில் வெள்ளையடிக்கும்வரை அரசரும் அழிக்கலாகாது. இது முன்னோர் வகுத்த முறை.

சேந்தன் எழுத்தில் சூரர். சுளுக்கிய மாட்டைப் பற்றி அவர் எழுதினால் கல்நெஞ்சரும் மூக்கைச் சிந்துவர். ஆனால் ஊர்வண்டியில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை; பல்லக்கில்தான் போவார். எம் வண்டிகள் காற்றெனப் பறக்கின்றன என்று ஒருநாள் எழுதினார். அதன் கீழே வந்த மறுமொழிகளில் சிலவற்றைத் தருகிறோம்.

"காத்து வந்துச்சு. வண்டியத்தான் காணோம்."

"எழுத்துக்கு நூறு மார்க்கம் இருக்கு, எங்க தெருவுக்கு ஒரு வண்டி இல்ல."

"இதப் படிச்சுக்கிட்டு நின்னதுல வண்டிய விட்டுட்டேன். அதுக்கும் ஒரு மன்னிப்பு எழுதிப் போடுங்க தலைவரே."

இந்தக் கடைசி வரியை எவரும் பொருட்படுத்தவில்லை. அதில்தான் எல்லாம் இருந்தது.

சென்ற ஆண்டு அறுவடை விழாவில் கோயில்வெளியில் பெருவிளக்கு ஏற்றியபோது பாதி நகரம் வந்து சேரவில்லை. வண்டிகள் வழியிலேயே கிடந்தன. தேவியாருக்குச் சினம் மூண்டது. வரும் விழாவிலும் மக்கள் விளக்குக்கு முன் வந்து சேராவிட்டால் நாற்சந்திச் சுவர் இடிக்கப்படும், சேந்தன் முத்துவாய் உப்பளத்துக்குக் காவல்காரராய் அனுப்பப்படுவார் என்று ஆணையிட்டார். உப்பளம் என்றபோது சேந்தன் அசையவில்லை. சுவர் என்றபோது அவையிலேயே தேம்பித் தேம்பி அழுதார். அந்தச் சுவர் இல்லையேல் தம்மைத் திட்டுவதற்குக்கூட ஒருவரும் இரார் என்றார்.

அன்றுமுதல், வண்டிகள் தாமதித்தால் மறுநாள் மன்னிப்பு எழுதினார். உருக்கமான மன்னிப்பு. அதைப் படிக்க முன்னிலும் கூட்டம் கூடியது. வண்டிகள் முன்னிலும் தாமதித்தன. அதற்கு இன்னும் உருக்கமாய் இன்னொரு மன்னிப்பு எழுதினார். ஒருநாள் அவருடைய பல்லக்குத் தூக்கிகளே நடுச்சந்தியில் அவரை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் படிக்கப் போயினர். அவர்களில் ஒருவன் கரியை எடுத்துத் தலைவரின் எடையைப் பற்றி ஏதோ எழுதத் தொடங்கவே, சேந்தன் மானம் போய், எதிரே நின்ற ஊர்வண்டியில் முதன்முறையாக ஏறி அமர்ந்தார்.

அருகே தயிர்ப்பானையோடு மருதி என்பவள் இருந்தாள். அவரை இன்னாரென்று அவள் அறியாள். வண்டி கிளம்பவே இல்லை. என் தயிர் தினமும் இந்தச் சந்தியில்தான் புளிக்கிறது, இந்தச் சேந்தன் என் கையில் கிடைத்தால் பானையோடு தலையில் கவிழ்ப்பேன் என்று அவரிடமே முறையிட்டாள். வண்டிக்காரன் எங்கே என்று சேந்தன் கேட்க, அவள் சுவரைக் காட்டினாள். வண்டிக்காரன் அங்கே நின்று மன்னிப்பைப் படித்துக் கண் துடைத்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த வண்டிகளின் ஓட்டிகளும் அங்கேதான் நின்றனர். சற்று நேரத்தில் மருதியும் இறங்கிப் போனாள், தன் மறுமொழிக்கு யாரேனும் மறுமொழி எழுதினரா என்று பார்க்க. வண்டியில் சேந்தனும் தயிரும் எஞ்சினர். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் அவர் ஒன்றுமே எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டு நகரமே புதுக் காவி படாத சுவரின் முன் கூடி நின்றது. வண்டிகள் மாலைவரை நகரவில்லை.

விழாநாளும் வந்தது. உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டு உப்பளம் போவதென்று முடிவு செய்து, விடியுமுன்பே சேந்தன் காவிக்குடத்தோடு சுவருக்கு வந்தார். சுவரில் இடமில்லை! ஏன் எழுதவில்லை என்று கேட்டே மக்கள் எழுதிக் குவித்திருந்தனர், முழுநிலவுக்கோ நாள் இருந்தது, ஓரெழுத்தும் அழிக்கலாகாது. மூலையில் கிடைத்த சாண் இடத்தில், வண்டிகள் தாமதிப்பது யாரால் என்று கண்டுகொண்டேன், அவர் யாரென்றால், என்று எழுதியதோடு இடம் தீர்ந்தது. வேறு வழியின்றி, மீதி குளத்தடி நிறுத்தத்தில் என்று நெருக்கி எழுதிவிட்டுக் குளத்தடிக்கு ஓடினார். அங்கிருந்த மதிலும் சிறிது. அங்கிருந்து தறிக்காரர் தெரு, பிறகு யானைக்கொட்டில் என நிறுத்தந்தோறும் சிறிது சிறிதாக எழுதிக்கொண்டே கோயில்வெளிவரை மூச்சிரைக்க ஓடினார்.

பொழுது விடிந்தது. நாற்சந்தியில் படித்தவர்கள் பொறுப்பார்களா? வண்டிகளில் பாய்ந்து ஏறினர். "யாருன்னு தெரியணும், ஓட்டுய்யா, ஓட்டு!" என்று மருதி முதல் அனைவரும் கூவினர். சொல்வதற்கு முன்பே ஓட்டிகள் சாட்டையை எடுத்திருந்தனர், அவர்களுக்கும் தெரியவேண்டுமே. குளத்தடியில், அவர் மாடு அல்லர், மாட்டின் மேல் பழி போடாதீர் என்றிருந்தது. தறிக்காரர் தெருவில், அவர் நன்றாக உண்பவர் என்றிருந்தது. அங்கே யாரோ கரியால் அமைச்சர் வெண்கோ என்று எம் பெயரை எழுதிவிட்டனர். எழுதியவரை யாம் தேடவில்லை; அது எம் இல்லாளின் கையெழுத்தை ஒத்திருந்தது.

மாடுகள் நுரைதள்ள, பொழுது சாயுமுன் நகரம் முழுதும் கோயில்வெளிக்கு வந்து குவிந்தது. அங்கே மதிலில், சேந்தன் என்னும் நானே, என்றிருந்தது. அதன் அடியில் அவர் காவி வழியும் கைகளோடு நின்றார். அதைப் படித்ததும் எழுந்த சிரிப்பொலியில் புறாக்கள் கோபுரத்தை விட்டே பறந்தன. மருதி சொன்னபடி பானையைத் தூக்கிக்கொண்டுதான் போனாள். ஆனால் கவிழ்க்கவில்லை, அவருக்கு ஒரு கலயம் மோர் கலக்கித் தந்தாள்.

எல்லோரும் வந்துவிட்டனர், விளக்கேற்றத் தேவியார் மட்டும் வரவில்லை. நிறுத்தந்தோறும் தேரை நிறுத்தி, காவியை மட்டுமன்றிக் கரியையும் ஒன்று விடாமல் படித்துக்கொண்டு வந்தமையால், நகரிலேயே கடைசியாக வந்து சேர்ந்தவர் அவரே. மதிலைப் படித்தார். சேந்தன் பெயரைப் பார்த்தார். அருகே நின்றவர் கையிலிருந்த கரியை வாங்கி, அவர் பெயரின் கீழே, இன்று நானும், என்று எழுதிவிட்டு விளக்கை ஏற்றினார்.

இனி ஆணை. முத்துவாயில் எவர் முதுகிலும் கசை படலாகாது. சுங்கச்சுவரின் கீழே கூடை நிறையக் கரி வைக்கப்படுக. நீர் உம் தனிப்படகைக் கரையேற்றிவிட்டு, இன்று முதல் ஊராரோடு தோணியில் போவீராக. சேந்தன் உம் உப்பளத்து ஊருக்கே வருகிறார்; ஆனால் உப்பளத்தைக் காக்க அன்று, உம் சுவரில் காவியால் எழுத. மழைக்காலம் முடிந்ததும் அவரைத் திருப்பி அனுப்புக. இல்லையேல் வளைநகரார் சுவரில் எம்மைத்தான் கேட்பர்.

இவ்வோலையைக் கொணர்ந்து உம்முன் நிற்பவரே அவர். அவர் விரல்களைப் பாரும். உம்மிடம் வருமுன் இவ்வாணையைச் சுங்கச்சுவரில் எழுதிவிட்டே வரும்படி தேவியார் பணித்திருந்தார். ஆகவே உமக்கு முன்பே உம் பட்டினம் இதைப் படித்துவிட்டது. கீழே மறுமொழிகளும் தொடங்கியிருக்கும். சுங்கமாளிகை அக்கரையில் உள்ளது. தோணி வந்ததும் போய்ப் படித்துக்கொள்வீராக.

இது வளைநகர் முத்திரை. அரக்கின் ஓரத்தில் படிந்துள்ள கரி, தேவியாரின் விரலடையாளம்.