பின்பொத்தானில் நீ விட்ட தூரம்

ஆசை மச்சான் முத்தையாவுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருக்கும்போது எழுதியதில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பாய் என்ற பயம். இப்போது நீ சிரித்தாலும் கேட்காது, அந்தத் தைரியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை உன் மகன் ரமேஷ் கட்டாரிலிருந்து வருகிறான். லீவு கிடைக்காமல் உன் அடக்கத்துக்கு வர முடியாமல் போனவன், அன்றிலிருந்து ஒரே கேள்விதான் கேட்கிறான்.

“மாமா, அப்பா மொகத்த எடுத்தீங்கதானே?”

“எடுத்தேன்டா. கழுவக் குடுத்திருக்கு.”

டிஜிட்டல் கெமராவுக்கு ஏது கழுவல்? உன் கெமராவை உனக்கு வாங்கி அனுப்பியவனே அவன். அவனிடமே போய் இப்படிச் சொன்னேன் பார், என் மூளையை.

நம் சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கெமரா நம் ஸ்டூடியோவுக்கு வந்த வாரமே நீ போகஸை மேல் பொத்தானிலிருந்து எடுத்து, பின்பக்கம் கட்டைவிரல் படும் பொத்தானுக்கு மாற்றிவிட்டாய். பின்னால் அழுத்தினால்தான் ஆளைத் தெளிவாகப் பிடிக்கும். மேலே அழுத்தினால் படம் மட்டும் விழும்.

“ஒரு வேலைக்கு எதுக்குடா ரெண்டு வெரலு?” என்றேன்.

“தேர் வரும்போது பாரு. குறுக்க எவன் கொடை பிடிச்சுக்கிட்டுப் போனாலும் உன் கெமரா அவன் பின்னால ஓடும். நான் அம்மனைப் புடிச்சு வெரல எடுத்துட்டா, அது அங்கேயே நிக்கும்.”

“கல்யாணத்துல மாப்பிள்ள எங்கயும் ஓட மாட்டான். எனக்கு ஒரு வெரலே போதும்.”

“நீ எடுத்த கல்யாணத்துல மாலைதான் தெளிவா இருந்துச்சு. மாப்பிள்ள யாருன்னே தெரியல.”

அதற்கப்புறம் நாவுல ஊரில் நீ போய் எடுத்த அந்தக் கல்யாணம். உன் பெண்சாதி ராணி அக்காவும் உன்னோடு போயிருந்தார். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் கெமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நிஜக் கெமராதானா, ஒன்று அடித்துக் காட்டு என்று சிங்களத்தில் கேட்டானாம். நீ வரிசையில் நின்ற அக்காவை எடுத்துக் காட்டினாய். மறுநாள் காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு சாய்ந்தாய், எழும்பவில்லை. நீ கடைசியாக எடுத்த படம் அதுதான்.

சவப்பெட்டியைச் சுற்றிச் சொந்தபந்தம் நின்று படமெடுப்பது நம் வழக்கம். எத்தனை வீட்டில் நாம் எடுத்திருக்கிறோம். உன்னை நான்தான் எடுக்க வேண்டும் என்று, என்னைக் கட்டிய உன் தங்கச்சி உன் கெமராவையே என் கையில் தந்தாள். பழக்கதோஷத்தில் மேல் பொத்தானை அரைவாசி அழுத்தினேன். போகஸ் பிடித்தால் வரும் டிக் டிக் சத்தம் வரவில்லை. சாவு வீடென்று நீதான் சத்தத்தை நிறுத்தியிருப்பாய் என்று நினைத்தேன். நினைத்துப் பார், நீதான்!

உள்ளே பார்த்தால் எல்லாம் கலங்கலாக இருந்தது. அழுதுகொண்டிருந்தேன் மச்சான். கண்ணீர்தான் மறைக்கிறது என்று துடைத்துத் துடைத்து எடுத்தேன். முப்பத்திரண்டு படம்.

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் என் மகள் தர்ஷினி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். ஒன்றிலும் உன் முகம் இல்லை, வெள்ளையாக ஒரு புகை. பெட்டியைச் சுற்றி நின்றவர்களும் புகை. பின்னால் அடுப்பு எரியாத குசினி வாசலில் நின்ற ராணி அக்கா மட்டும், இமை மயிரை எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு.

“நீங்க போகஸே பண்ணலப்பா. மாமா நாவுல வழியில கடைசியா அத்தயப் புடிச்சு விட்ட தூரத்துலயே லென்ஸ் நிக்குது. அதே தூரத்துல அத்த நின்னிருக்காங்க, அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா மச்சான்?

அன்றிலிருந்து உன் கெமரா அலுமாரிக்குள் இருக்கிறது. பழைய கெமராவில் தொழில் ஓடுகிறது. “மேல் பொத்தானுக்கே மாத்தித் தாறேன், ஒரு நிமிஷ வேல,” என்கிறாள் மகள். வேண்டாம் என்கிறேன். கிழட்டுப் பிடிவாதம் என்று நினைக்கிறாள். அவள் மாற்றித் தந்து மேலே அழுத்தினாலும் சரி, இப்போதே பின்னால் அழுத்தினாலும் சரி, லென்ஸ் ஒருதரம் திரும்பிவிட்டால் நீ விட்ட இடம் போய்விடும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

சில மத்தியானங்களில் அலுமாரியைத் திறந்து, பொத்தான் எதையும் தொடாமல், கண்ணை மட்டும் வைத்துப் பார்க்கிறேன். எதிர்ச் சுவர் மங்கலாகத் தெரிகிறது. அதற்கு முன்னால் ஓர் இடம் இருக்கிறது. அங்கே யார் வந்து நின்றாலும் தெளிவாகத் தெரிவார்கள். யார் வருவார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

இப்படியே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். உன் தங்கச்சிக்கு அது புதுச் செய்தியாக இருக்காது, ஆனால் ரமேஷுக்கு ஒரு பதில் வேண்டும்.

ஆகவே கேள். ஞாயிற்றுக்கிழமை கழுவக் கொடுத்த கதையை விட்டுவிடுவேன். முப்பத்திரண்டு படத்தையும் அவன் முன்னால் வைத்து, அப்பா முகத்தைக் கெடுத்தது நான்தான் என்று சொல்வேன். ஏசினால் வாங்கிக்கொள்வேன். பிறகு அவனை அவன் தாயோடு நிறுத்தி ஒரு படம் எடுப்பேன். தர்ஷினி எதையும் மாற்ற வேண்டியதில்லை. கட்டைவிரலால் உன் பொத்தானையே அழுத்தி அவன் கண்ணைப் பிடிப்பேன். பிடித்ததும் விரலை எடுத்துவிடுவேன். இனி அது அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

மாத்தளையிலிருந்து,
உன் தங்கச்சி புருஷன்
சிவலிங்கம்